கட்டைவிரல் அளவு தூரம்

என்னங்க, என் அன்புக்குரியவரே,

உங்கள் முதல் திதி நேற்று நல்லபடியாக முடிந்தது. ரங்கூன் லான்மடாவ் தெரு வீட்டில் நான் ஒருத்திதான். மேல்மாடிப் பர்மாக்காரம்மா டோ கின் வந்து இரண்டு வாய் சாப்பிட்டுப் போனார். ஏதோ புண்ணியத்துக்கு மதியம் வரை கரண்ட் இருந்தது.

பிள்ளைகள் வரவில்லை. வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பெரியவன் இங்கே வந்தால் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொள்ளாமல் திரும்பிப் போக விடுவார்களா, யாருக்குத் தெரியும்?

ஹெல்சிங்கியில் அவன், லிஸ்பனில் சின்னவள். திதியன்று ஒருநாளாவது இரண்டு பேரும் சேர்ந்து உங்களைக் கும்பிடவேண்டும் என்று எனக்கு ஆசை. போன வாரம் சின்னவளிடம், காலையில் கிளம்பி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடேன் என்றேன்.

"அம்மா, நேரா போற பிளைட்டே அஞ்சு மணி நேரம். ரங்கூன்லேருந்து சென்னைக்குப் போற மாதிரி ரெண்டு மடங்கு தூரம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாம் உங்களால் வந்த வினை. சுவரில் உலகப் படத்தை மாட்டி, இரண்டு ஊருக்கும் நடுவில் கட்டைவிரலை வைத்து, இவ்வளவுதான், ஒருத்தருக்கு ஒருத்தர் துணை என்றீர்களே! அதை நம்பித்தானே சின்னவளை அனுப்பச் சம்மதித்தேன்? நமக்குத் தெரிந்த தூரமெல்லாம் பக்கத்துக் கியாக்தான் ஊருக்கு பஸ் போகிற தூரம்தான்.

அதோடு விட்டீர்களா? ஐரோப்பாவுக்கு யார் போனாலும் ஒரே பார்சல். இறால் பலாச்சாங் பொரியல், லப்பெத் ஊறல் தேயிலை எல்லாவற்றையும் பெரியவனுக்கே கொடுத்தனுப்பி, தங்கச்சிக்குப் பாதி கொடுத்துவிடு என்பீர்கள். அவள் பங்கு ஒரு தடவைகூட அவளுக்குப் போய்ச் சேரவில்லை என்று அதே போனில் சொன்னாள். அப்பாவுக்கு அண்ணன்தான் உசத்தி என்று இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்துக் குமைந்திருக்கிறாள். அந்தத் தடியனோ முழுசையும் தின்றுவிட்டு வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் உங்களோடு ஒரு சண்டை போட்டிருப்பேன். இப்போது யாரோடு போடுவது?

"அப்பாவுக்குத் தெரியலடி. எனக்கும் தெரியல," என்று மட்டும் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். அண்ணன் வீட்டுக்குப் போ என்று மறுபடி எந்த முகத்தோடு சொல்வேன்?

நேற்று படையல் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். எப்போதும் திரையில் ஆளுக்கொரு கட்டமாக மூன்று கட்டம் வரும். நேற்று இரண்டுதான் வந்தது. ஒன்றில் பெரியவனும் சின்னவளும் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் முதல்நாளே சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் வீட்டில் போய் இறங்கிவிட்டாளாம். அவளைப் பார்த்ததும் வாசலிலேயே அழுதுவிட்டேன் என்றான் பெரியவன். பிறகு அவர்களுக்குள்ளேயே பர்மியப் பேச்சில் ஏதோ பழைய கதை சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். என்னைக் கொஞ்ச நேரம் மறந்தே போனார்கள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்ததுங்க. இன்னொரு கட்டத்தில் நான் மட்டும் இருந்தேன்.

அழமாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் ஆகாது. இனி எப்போது பேசினாலும் அவர்கள் போனை வைக்கும்வரை அழமாட்டேன். அது சத்தியம்.

ரங்கூனில் மிச்சமிருக்கும்
உங்கள் வீட்டுக்காரி