லாகின் திரையில் உன் பெயர்

நூர்நிஷாவுக்கு ஸலாம். நீ கேட்கமாட்டாய், இருந்தாலும் நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமா? குற்றாலச் சீசனுக்கு ஊருக்கு வரமுடியாது என்று நான் சொன்னதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

ஷார்ஜா ஆபீசில் என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். செட்டிங்ஸில் பெரிதாக்கினேன், லாகின் திரை மட்டும் அசையவில்லை. என் மாமனார், அதான் உன் அத்தாவுக்கு வாசலிலேயே தனி ஸலாம் வைக்கவேண்டுமே, அதுபோல அதற்குத் தனியாக மாற்றவேண்டுமாம். எரிச்சலில் மூன்று மடங்காக்கினேன். பாஸ்வேர்டு பெட்டியே திரைக்கு வெளியே போய்விட்டது.

சூப்பர்வைசர் மசூது அண்ணாச்சி கீபோர்டைப் பிடுங்கினார். “பாஸ்வேர்டச் சொல்லுலே, பெட்டி தெரியாட்டியும் நான் அடிக்கேன்!”

எல்லார் முன்னாலும் உன் பெயரைச் சொன்னேன். சிரித்தார்கள். முதல் தடவையே திறந்துவிட்டது.

உன் தம்பி ஆசிக் இங்கே வரும்போது என் பழைய கண்ணாடியைக் கொடுத்துவிடு. பாஸ்வேர்டை உடனே மாற்றச் சொல்கிறார் அண்ணாச்சி. வேறு பெயர் எதுவும் தோன்றவில்லை. போனை எடுத்துத் தொலை.

ஹுஸைஃபா