பம்புக்குப் பொட்டு வைத்தவனுக்கு

ஃபேக்டரிகளுக்கே வாரத்தில் ஒரு நாள் கரண்ட் கிடையாது என்று சொன்ன வருஷம் அது. அந்த வருஷம்தான் ஒரகடம் கம்பெனி ரிசப்ஷனில் நீ கடல் மீன் தொட்டி வைத்தாய், மச்சான். அதே தொட்டியை நேற்று பென்னலூர் டீக்கடையில் பார்த்தேன். உள்ளே பன்னும் வர்க்கியும் அடுக்கியிருக்கிறார்கள். கண்ணாடி ஓரத்தில் உப்புக் கறை இன்னும் போகவில்லை. டீ ஆறும்வரை உன்னைத் திட்டிக்கொண்டு நின்றேன்.

எழுதத் தெரியாதவன் மடல் எழுதுகிறான் என்று இளிக்காதே. நான் சொல்லச் சொல்ல உன் அக்கா மகள் எழுதுகிறாள். கெட்ட வார்த்தை வந்தால் பேனாவை நிறுத்திவிடுகிறாள். அந்த மட்டில் நீ பிழைத்தாய்.

கம்பெனிக்கு ஆள் சப்ளை செய்கிறவன் நீ. நான் தோட்டத்துக்கு, கூட்டிப் பெருக்க இன்னும் பத்துப் பேர், எல்லாரும் உன் ஆட்கள். மேனேஜரைக் குளிர வைக்க ஒரு வண்ணத்துப்பூச்சி மீனை வாங்கி விட்டாய். வெள்ளை உடம்பில் செம்பு நிறப் பட்டைகள், கொக்கு மாதிரி நீண்ட மூக்கு, முதுகுத் துடுப்பின் கடைசியில் கறுப்பாய் ஒரு பொய்க் கண். எது தலை எது வால் என்று எதிரிக்குத் தெரியக் கூடாதாம். தொட்டி மாட்ட வந்தவன் அதைச் சொன்னபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. மேனேஜருக்கு ஒரு பக்கம், எங்களுக்கு ஒரு பக்கம்.

அது குருணைத் தீனியை மூக்காலும் தொடவில்லை. "பசிச்சா தானா துன்னும், வுடு" என்றாய். பெருக்க வந்த சங்கரன்கோவில் பெண்தான் அதைத் தின்ன வைத்தாள். இந்தச் சாதி மீன் சதையைக் கொத்தித்தான் தின்னும் என்று தொட்டிக்காரன் சொன்னதைக் காதில் வாங்கியவள் அவள் ஒருத்தி. மீன்காரியிடம் சொல்லிவைத்து மட்டி வாங்கி, ஓட்டைப் பிளந்து கல் இடுக்கில் செருகினாள். மீன் வந்து சுற்றிப் பார்த்தது. போயிற்று. மறுபடி வந்து கொத்தியது. "அண்ணாச்சி, தின்னுட்டு!" என்று அவள் தோட்டம்வரை ஓடி வந்தாள். தண்ணீர் வற்றினால் நீ கல்லுப்பைக் கரைத்து ஊற்றப் போவாய். "வத்துனது தண்ணிதான, உப்பு உள்ளயேதான இருக்கு" என்று நல்ல தண்ணீர் வாளியோடு குறுக்கே நிற்பாள். ஊரே இருட்டில் வெந்தபோது அந்த மீனுக்கு ஜெனரேட்டர் ஓடியது. மீனைப் பார்த்து மகிழ்ந்துபோன மேனேஜர், அவளை ரிசப்ஷனிலேயே கம்பெனி ஆளாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஊரில் தங்கையைப் படிக்க வைக்க வேண்டும் அவளுக்கு. உன் கையைவிட்டு ஓர் ஆள் போவது உனக்குக் கசந்தது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. மெஷினையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, லைனை நிறுத்தினார்கள். பூசாரி முன்னால் போக, சந்தனக் கிண்ணத்தோடு நீ ரிசப்ஷனுக்குள் நுழைந்தாய். பூசணிக்காயோடு வாசலில் நின்ற எனக்கு, நீயும் தொட்டியோரம் நின்ற அவளும் பேசியதெல்லாம் கேட்டது.

"இந்தத் தொட்டி பம்பும் மெஷின்தான? பொட்டு வெச்சா ஓடக் கூடாது. புடுங்கு."

"அத மட்டும் நிப்பாட்டாதீய அண்ணாச்சி. மீனு மூச்சு விடுறதே அதுலதான்."

"இன்னா நீ, பூஜைக்கு எனக்கே பாடம் எடுக்குறியா? நம்ம முறை இன்னான்னு தெரியுமா உனக்கு?"

பூசாரி கற்பூரம் கொளுத்தப் போனான். அவனுக்குத் தட்டு நிறைந்தால் போதும். பிளக்கை நீயே பிடுங்கி, பம்புக்கும் பிளக்குக்கும் பொட்டு வைத்தாய். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாய். அவள் கம்பெனி கேட் வரைக்கும் உன் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வந்தாள். பொரியை வாயில் போட்டுக்கொண்டே நீ வண்டி ஏறினாய்.

விஜயதசமி கழித்துத் திறந்தால் மீன் சாய்ந்து கிடந்தது. மேனேஜர் வருவதற்குள் பிளக்கில் காய்ந்திருந்த சந்தனத்தை நீ துண்டால் துடைத்தாய். "ஹவுஸ்கீப்பிங் பொண்ணு தொடைக்கறப்ப புடுங்கி வுட்டிருக்கு சார்" என்றாய். "இவன்தான் சார் புடுங்கினான்" என்று நான் சத்தமாகவே சொன்னேன். நீ சிரித்தாய். "மாமாவுக்கு வயசாயிடுச்சு சார். இன்னா பேசுதுன்னு அதுக்கே தெரியாது." மேனேஜரும் சிரித்தார். மறுநாளே வேலை போய், அவள் ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு பஸ் ஏறினாள்.

எனக்கு வயசாயிடுச்சாம். பட்டை, பொட்டு, துண்டு, நீ மென்ற பொரி, எதையாவது மறந்திருக்கிறேனா, சொல்.

வெள்ளம் வந்து செம்பரம்பாக்கம் ஏரியைத் திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் உன் கடைசி ஆயுத பூஜை. நுரையீரல் போய், மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடந்தாய். பக்கத்தில் மூச்சு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உன் மகன் வண்டிக்கு, மிக்சிக்கு, மோட்டாருக்கு எல்லாம் பொட்டு வைத்துவிட்டு, கிண்ணத்தோடு உன் மெஷின் பக்கம் திரும்பினான். நீ ஒயரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய். "டேய், இத்த நிறுத்திடாதடா, நிறுத்திடாதடா!" அவன் நிறுத்தவே வரவில்லை, பொட்டு வைக்கத்தான் வந்தான். நம்ம முறை எங்கே போயிற்று, மச்சான்? உன் மெஷினுக்கு மட்டும் ஓய்வு வேண்டாமா?

கேட்க வாயெடுத்தேன். அதற்குள் நீ என்னைப் பார்த்து, "மாமா, அந்த ஹவுஸ்கீப்பிங் பொண்ணு... அது பேரு இன்னா?" என்றாய்.

உன்னிடம் வேலை செய்த பெண்ணின் பெயர் உனக்குத் தெரியவில்லை. சாகும்போது தேவைப்பட்டது. நான் சொல்லவில்லை. உன் வாயில் போட அந்தப் பெயர் பொரி இல்லை.

பிளக்கைப் பிடுங்கியபோது அங்கே இருந்தவர்களில் பூசாரி போய்விட்டான். நீயும் போய்விட்டாய். என்னைக் கணக்கில் சேர்க்காதே, எனக்குத்தான் அன்றைக்கே வயசாகிவிட்டதே. மிச்சம் ஒருத்திதான். சங்கரன்கோவிலில் எங்கோ நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறாள். நீ கேட்டாயே, இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்:

முத்துச்செல்வி.