மூன்றாவது கியரில் ஒரு தெரு

மார்ச் 4, செவ்வாய்

வீட்டு ஓனர் இன்றும் போன் செய்தார். மகன் குடும்பத்தோடு வருகிறானாம், மே மாதக் கடைசிக்குள் காலி செய்து தர வேண்டுமாம். மிரட்டினால் நானும் ஒரு பிடி பிடித்திருப்பேன். மனுஷர் கெஞ்சுகிறார். கெஞ்சுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? சரிங்க என்று சொல்லிவிட்டேன்.

உள்ளதைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஐம்பத்திரண்டு படி. இரண்டு வருஷத்துக்கு முன் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இவருக்கு இடுப்பு உடைந்தது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் இறங்குகிறார், அதுவும் இவர் தம்பி வந்து தோள் கொடுத்தால். இருபத்தாறு வருஷம் வீடு வீடாக டைல்ஸ் ஒட்டிய மனுஷர், ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்." நன்றாக இருக்கிறவர் நாளெல்லாம் சேர்த்துப் பத்து வார்த்தையா பேசுவார்?

தரைத்தளத்தில் ஒரு வீடு வேண்டும். இவர் யார் தோளும் இல்லாமல் வாசலைத் தாண்ட வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

சரி, ஒன்று இருக்கிறது. சத்தமில்லாத இடம். எட்டு மணி நேரம் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் இதற்குக்கூட ஆசைப்படக் கூடாதா?

மார்ச் 6, வியாழன்

வீடு வாங்கக் கேட்டிருந்த லோனுக்குப் பாங்கில் சரி என்று சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டுப் போட்டு என் பெயரே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது.

நம் கைக்கு எட்டுகிற மாதிரி இரண்டு வீடுதான். மேல ஊரில் ஒன்று, கீழ ஊரில் ஒன்று. இரண்டு ஊருக்கும் நீளமான பெயர்கள் உண்டு. டிப்போவில் யாரும் அதைச் சொல்வதில்லை. நடுவில் ஒரு பாலம், மொத்தம் ஆறு கிலோமீட்டர். பதினோரு வருஷமாக அந்த ஆறு கிலோமீட்டரில்தான் பஸ் ஓட்டுகிறேன். எந்த ஸ்டாப்பில் யார் ஏறுவார், எந்த வளைவில் எந்த நாய் குறுக்கே வரும், எல்லாம் அத்துப்படி. ட்ரிப் ஷீட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. இதுவரை மூன்று தடவைதான் நிரப்பியிருக்கிறேன். மூன்றும் பஞ்சர்.

வீடு பார்க்கிற விஷயத்தைக் கண்டக்டரிடம் சொன்னது தப்பு. அவனுக்கு டிப்போவில் வானொலி என்று பெயர். சாயங்காலத்துக்குள் பஸ்ஸில் பாதிப் பேர் எனக்காக வீடு தேட ஆரம்பித்துவிட்டார்கள். "மேல ஊர்னா காத்து, கீழ ஊர்னா கூட்டம். காத்தையே எடுத்துக்கங்க அக்கா," என்கிறான்.

மார்ச் 9, ஞாயிறு

மேல ஊர் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். கொழுந்தன் தெரிந்தவர் காரை வாங்கி வந்து அண்ணனை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டுதான் படி இறக்கினான். முகம் சுளிக்காமல் இரண்டு வருஷமாகச் செய்கிறான். இவனை மாதிரி ஒரு கொழுந்தன் கிடைக்க நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரின் வீடு. நான் தினம் ஆறு தடவை கடந்து போகிற தெருவில்தான், பஸ் ஸ்டாப்பிலிருந்து பத்து வீடு தள்ளி. "ஸ்டாப்லேர்ந்து நடந்து பார்ப்போம், நாளைக்கு நடக்க வேண்டியதுதானே," என்று இவரே சொன்னார். வழியில் நாலு இடத்தில் நின்று நின்று பார்த்தார். ஒரு கேட், ஒரு மரம், ஒரு தண்ணீர்க் குழாய், கடைசியில் டீச்சர் வீட்டுக் கேட். ஊர் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

வீட்டைப் பற்றி என்ன எழுத? சுவரில் ஒரு கீறல் இல்லை. பின்னால் தோட்டம். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் என் மூச்சு எனக்கே கேட்கிறது. அப்படியே தரையில் படுத்துத் தூங்கியிருப்பேன். டீச்சர் காபி கொடுத்து, "நீங்க வந்தா எனக்கு நிம்மதி," என்றார். இவர் தரையைத் தடவிப் பார்த்து, "சுத்தமான வேலை," என்றார். அவ்வளவுதான் பேசினார்.

மார்ச் 16, ஞாயிறு

கீழ ஊர் வீடு. மானம் போனது.

மார்க்கெட்டுக்குப் பின் தெரு. வாசலில் இறங்கி மூன்றே எட்டில் பஸ் ஸ்டாப். பக்கத்துச் சுவர் சைக்கிள் கடை. அங்கே ஒருவர் ரிம்மைப் போட்டு அடிக்கிற அடி என் பல்லில் கேட்டது. தரகர் பாட்டுக்கு வீட்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டு போனார். இவர் பின்னாலேயே கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டு வந்தார். டொக், டொக், டொக். கூடத்தின் நடுவில் சத்தம் மாறியது. நின்றுவிட்டார்.

"இதை ஒட்டினது யாரு?"

"நல்ல மேஸ்திரிதாங்க."

"மேஸ்திரியா? நடுவுல ஒரு உருண்டை கலவை வெச்சு அமுக்கிட்டுப் போயிருக்கான். நாலு மூலையும் காலி. ஒரு வருஷம் தாங்காது."

அதோடு விட்டாரா? குளியலறைக்குப் போய் ஒரு குவளை தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் சாக்கடைக் குழிக்குப் போகாமல் நிதானமாக வாசலைப் பார்த்து வந்தது. "வாட்டத்தை வீட்டுக்குள்ள குடுத்திருக்கான். குளிச்சா கூடத்துல வெள்ளம்." சைக்கிள் கடைக்காரர் சுத்தியலோடு எட்டிப் பார்த்தார். அவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு விளக்கினார். அரை மணி நேரம். தரகர் முகம் செத்துவிட்டது. நான் செருப்பைத் தேடினேன்.

இந்த வீடு வேண்டவே வேண்டாம். திட்டுவதற்காவது வாயைத் திறந்தாரே என்பதில் மட்டும் எனக்கு ஒரு சந்தோஷம்.

மார்ச் 18, செவ்வாய்

"மேல ஊரே எடுத்துக்கலாம்," என்றார் சாப்பிடும்போது. "உனக்குக் காது ஓயணும்." வெள்ளிக்கிழமை டீச்சருக்கு அட்வான்ஸ். நிம்மதி.

மார்ச் 19, புதன்

தூக்கம் வரவில்லை, எழுதித் தொலைக்கிறேன்.

கொழுந்தன் வந்திருந்தான். இவர் உள்ளே படுத்திருந்தார். சமையலறை வாசலில் நின்றுகொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னான். "அண்ணி, மேல ஊர்ல அண்ணன் நாலு இடத்துல நின்னது வேடிக்கை பார்க்க இல்ல. மூச்சு வாங்குச்சு, வலி வேற. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு என் கையை அமுக்கினாரு. அந்தத் தெரு மேடு."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "யார்கிட்ட சொல்ற? பதினோரு வருஷமா ஓட்டுறேன், அந்தத் தெருவுல மேடே கிடையாது. மூணாவது கியர்ல முனகாம போற ரோடு. செகண்டு போட்டதே இல்ல."

"நீங்க ஓட்டுறீங்க அண்ணி. அண்ணன் நடந்தாரு."

போய்விட்டான். எனக்கு அவன் மேல் கோபம். இல்லை — யார் மேல்?

மார்ச் 20, வியாழன்

முதல் ட்ரிப்பில் மேல ஊர் கடைசி ஸ்டாப்பில் எட்டு நிமிஷம் இருந்தது. டீச்சர் தெருவுக்கு இறங்கி வந்தேன். பதினோரு வருஷத்தில் அந்தத் தெருவில் என் கால் பட்டது வீடு பார்க்கப் போன அந்த ஒரு ஞாயிறுதான், அன்றும் மனசெல்லாம் வீட்டிலேயே இருந்தது. தண்ணீர்ப் பாட்டிலைத் தரையில் படுக்க வைத்தேன். யோசித்துச் செய்ததில்லை அது. உருண்டது. மூன்று வீடு தாண்டிப் போய் ஒரு ஸ்கூட்டர் சக்கரத்தில் முட்டி நின்றது. பின்னால் வந்த வானொலி ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

எத்தனை பெரிய முட்டாள் நான். ஒரு தெருவை இன்ஜினிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். மனுஷரிடம் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து ஆஸ்பத்திரி ரசீதைத் தேடினேன். எக்ஸ்ரே கவரின் பின்பக்கம் முழுக்கப் பென்சில் கோடு. கீழ ஊர் வீட்டின் கூடம், குளியலறை, அளவோடு. எந்த வரிசையைப் பெயர்க்க வேண்டும், எதை வெட்ட வேண்டும், வாட்டம் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி. ஓரத்தில் ஒன்று, இரண்டு என்று வேலை நாட்கள். முப்பத்தைந்து வரை போயிருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் மேல ஊரே எடுத்துக்கலாம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கவரை அவர் மடியில் வைத்தேன்.

"சும்மா போட்டுப் பார்த்தேன்," என்றார்.

"கீழ ஊர் வீடு புடிச்சிருக்கா, இல்லையா?"

"அங்க சத்தம். உன் காது என்னத்துக்கு ஆகும்?"

"என் காதை நான் பார்த்துக்கறேன். அந்தத் தரையை யாரு பார்ப்பா?"

பென்சில் கோட்டை விரலால் தடவினார். "டீச்சர் வீட்டுல எனக்குச் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா," என்றார். "கீழ ஊர்த் தரையை உக்காந்தே பண்ணிடலாம். தம்பி கலவை போட்டுக் குடுத்தா போதும்." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி கவரை மடிக்கப் பார்த்தார். பிடுங்கிக்கொண்டேன்.

மார்ச் 21, வெள்ளி

டீச்சருக்குப் போன். எப்படிச் சொல்வது என்று பத்துத் தடவை ஒத்திகை பார்த்தேன். கேட்டுவிட்டு, "அவர் என் கேட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னப்பவே நினைச்சேன்," என்றார். திட்டவில்லை. அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பத்திரம் முடிந்தது. ஊரிலேயே மோசமான தரை எங்களுடையது.

மே 25, ஞாயிறு

குடி வந்தாயிற்று. ஐம்பத்திரண்டு படியையும் கடைசியாக இறங்கும்போது இவர் ஒவ்வொன்றாக எண்ணினார். கொழுந்தனும் கூடவே எண்ணினான். சாமான் ஏற்ற டிப்போவிலிருந்து ஆறு பேர் வந்தார்கள், அழைக்காமலே. வானொலி வேலை செய்யவில்லை, மேற்பார்வை பார்த்தான்.

ஜூன் 8, ஞாயிறு

சைக்கிள் கடைக்காரர் ஒரு பலகைக்கு அடியில் நாலு சின்னச் சக்கரம் வைத்துக் கொண்டுவந்தார். இவர் அதில் உட்கார்ந்து தள்ளிக்கொண்டு டைல்ஸ் ஒட்டுகிறார். கூடத்தில் பாதி முடிந்தது. உடம்பெல்லாம் சிமென்ட், வாயெல்லாம் பேச்சு. கொழுந்தனைக் கலவை சரியில்லை என்று விரட்டுகிறார். வலி இருக்கிறது; மாத்திரை போடுகிறார், நான் பார்க்கிறேன். பகலெல்லாம் ரிம் அடிக்கிற சத்தம். நான் அதற்கு நடுவிலேயே மத்தியானம் தூங்கிவிட்டேன். இந்த வீட்டுக்கும், பலகைக்கும், எல்லோருக்கும் நன்றி. யாரிடம் சொல்வது என்று தெரியாததால் இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

10.40 ட்ரிப். எங்கள் வாசல் ஸ்டாப்பில் ஐந்து பேர் நின்றார்கள். ஐந்தாவது ஆள் இவர். துவைத்த சட்டை, கைத்தடி, தோளில் பை. பைக்கு வெளியே தரை மட்டம் பார்க்கிற ரசமட்டம் நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீச்சர் வீட்டை விற்காமல் பின்னால் ஒரு குளியலறை கட்டுகிறாராம். கூட இருந்து ஆட்களை வேலை வாங்க இவரைக் கூப்பிட்டிருக்கிறார்.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என் பஸ்ஸில் ஏறினார். வானொலியிடம் காசு நீட்டி டிக்கெட் வாங்கினார். எனக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தார். பாலம் தாண்டுகிற வரை நான் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பார்த்தால் ஓட்ட முடியாது.

மேல ஊர் ஸ்டாப் வந்தது. "டீச்சர் வீட்டு வாசல்லயே நிறுத்தட்டுங்களா?" என்றேன்.

"அங்க ஸ்டாப் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு நிறுத்துவ?"

இறங்கினார். பஸ் கண்ணாடிக்கு முன்னால், நடு ரோட்டில் நடந்தார். முதல் கேட் பக்கம் ஒரு தடவை நின்றார். மரத்தடியில் ஒரு தடவை. குழாய் வரும் என்று பார்த்தேன். அதைத் தாண்டிப் போய்த்தான் நின்றார். வானொலி விசில் ஊதவில்லை. பஸ்ஸில் யாரும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அவர் டீச்சர் வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே போன பிறகு கியரைப் போட்டேன்.

நாலு நிமிஷம் தாமதம். சாயங்காலம் ட்ரிப் ஷீட்டில் காரணம் கேட்கிற கட்டத்தில் 'மேடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.