ரிப்பன் கட்டத் தெரிந்த நீதிபதி

கோபிக்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையோடு என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. தாம்பரம் வீட்டு வாசலில் இன்னும் உங்கள் பெயர்ப்பலகை இருக்கிறது. பெருங்களத்தூரில் சிறுசேரி பஸ்ஸுக்கு நிற்கும்போது முகம் தெரியாதவர்கள்கூட வந்து பேசுகிறார்கள். "குடும்ப கோர்ட்டுல சார் மாதிரி ஒருத்தர் இனிமே வரமாட்டாங்கம்மா." நான் தலையாட்டுகிறேன். வேறு என்ன செய்ய?

விவாகரத்து வழக்குகளில் பிள்ளைகளை உங்கள் அறைக்குத் தனியாக அழைப்பீர்கள். அப்பா வேண்டுமா, அம்மா வேண்டுமா என்று கேட்கமாட்டீர்கள். காலையில் யார் தலை பின்னிவிடுகிறார்கள் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்ல வராது என்பீர்கள், சாப்பிட்டுக்கொண்டே.

போன வாரம் தேவி வந்தாள். கோவளத்துப் பெண். அம்மா மீன் விற்கிறவர். எட்டு வயதில் உங்கள் அறையில் நின்றவள், இப்போது கல்லூரியில் படிக்கிறாள். உங்கள் படத்துக்கு முன் அழுதாள். பிறகு சிரித்தாள்.

"சார் கேட்டாருக்கா, யாரு பின்னி வுடறதுன்னு. அப்பான்னு சொன்னேன். பொய் இல்ல. ஒரு வாரமா எங்கப்பன்தான் பின்னிகினு இருந்தாரு. வக்கீலு சொல்லிக் குடுத்தது."

"அப்புறம்?"

"சார் எங்கப்பனைக் கூப்ட்டு, டிராயர்லேர்ந்து ஒரு செவப்பு சீப்பை எடுத்துக் குடுத்தாரு. இப்போ பின்னுப்பான்னாரு. பின்னிட்டாரு! ஆனா ரிப்பன் கட்ட வரல. வக்கீலு அது வரைக்கும் சொல்லிக் குடுக்கல போல."

அவளோடு நானும் சிரித்தேன். அடுத்ததைக் கேட்கும் வரை.

"சார் மட்டும் சிரிக்கல. 'ரிப்பன்தாம்பா கஷ்டம், எனக்கே ரெண்டு மாசம் ஆச்சு'ன்னாரு. அப்புறம் அவரே கட்டி வுட்டாரு. என்னை அம்மாகிட்ட குடுத்துட்டாரு."

இரண்டு மாதம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒரு சனிக்கிழமை, இதே கூடத்தில், பெரியப்பா என்னை நடுவில் நிறுத்தினார். அம்மா பெட்டியோடு நின்றார். தனியாகப் போக ஊரப்பாக்கத்தில் வீடு பார்த்தாகிவிட்டது. "யார் கூடம்மா இருக்கப்போற?" என்றார் பெரியப்பா. நான் யோசிக்கவே இல்லை. "அப்பாதான் நல்லா பின்னுவார்."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். கோர்ட்டுக்கே போகவில்லை. தேவையிருக்கவில்லை.

தேவி போனதும் அம்மாவுக்கு போன் செய்தேன். அப்பா எனக்குப் பின்ன ஆரம்பித்தது எப்போது என்று கேட்டேன்.

"நான் கெளம்பறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. 'உனக்கு எதுக்கு சிரமம்'னு எங்கிட்டேர்ந்து சீப்பை வாங்கிக்கிட்டார். சண்டை தீந்துடும்னு நெனச்சு நான் சந்தோஷப்பட்டேன்டீ."

அப்பா, அந்த இரண்டு மாதமும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? என் தலையைப் பின்னினீர்களா, சாட்சியைத் தயார் செய்தீர்களா? தேவியின் அப்பாவைப் பார்த்ததும் பிடித்துவிட்டீர்களே. எப்படிப் பிடித்தீர்கள்?

ஒன்று மட்டும் கணக்கில் சேரவில்லை. அம்மா போன பிறகு ஏழு வருடம் பின்னினீர்கள். காய்ச்சலிலும் பின்னினீர்கள். ஜெயித்த பிறகு எதற்கு அது? பாசமா? பயமா? நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

கோர்ட்டிலிருந்து வந்த உங்கள் பெட்டியை நேற்று திறந்தேன். சட்டப் புத்தகங்களுக்கு அடியில் சிவப்புச் சீப்பு. ஒரு பல் உடைந்திருந்தது. அது என் சீப்பு, அப்பா. தொலைந்துவிட்டது என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஊரப்பாக்கம் போகிறேன். அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். அம்மாவுக்குக் கை மறந்திருக்கலாம். பின்னல் கோணலாக வரலாம். எப்படி வந்தாலும் அவிழ்க்கமாட்டேன். திங்கட்கிழமை அதே பின்னலோடு வேலைக்குப் போவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அன்று உங்கள் பக்கம் சொன்ன,
உங்கள் மகள்.