விதவை தாமசினின் வீடு

வெல்ஹேவன் கோட்டை, இங்கிலாந்து
12 அக்டோபர் 1646

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

அம்புரோஸ் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது?

இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. போன மாதம் எங்கள் கவர்னர், பீரங்கிக்குப் பார்வை மறைக்கிறது என்று மதிலுக்கு வெளியே இருந்த வீடுகளை இடிக்கச் சொன்னார். அதில் தாமசின் என்னும் விதவையின் வீடும் ஒன்று. எனக்குக் காய்ச்சல் கண்டபோது பதினோரு நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர். "நீயே இடிப்பா. தெரிஞ்ச கை, பாத்து இடிக்கும்" என்றார். தச்சன் மகன் அல்லவா, ஒரு பலகைகூட உடையாமல் கழற்றினேன். ஆனால் மற்ற சிப்பாய்கள் அத்தனையையும் விறகுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள்.

பத்தே நாளில் அந்தக் கவர்னரை மாற்றிவிட்டார்கள். புதியவர் மதில்மேல் நின்று பார்த்துவிட்டு, "சண்டைதான் முடிஞ்சுபோச்சே, இதையெல்லாம் எந்த மடையன் இடிச்சான்?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற நானும் சிரித்தேன், அப்பா.

விதவை தாமசின் இப்போது தேவாலய வாசலில் படுக்கிறார். ஞாயிறுதோறும் வந்து ஓர் அறை கட்டித் தருகிறேன் என்றேன். "அடுத்த கவர்னர் வந்து இடிக்கச் சொன்னா, அதையும் நீதானேப்பா இடிக்கணும்?" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார்.

உங்கள் பழைய உளியை அனுப்புங்கள். ஒற்றை அறைக்கு எத்தனை கம்பம் வேண்டும் என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். முரசு அடிக்கிறார்கள், போக வேண்டும். இடித்தவன் நான் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

உங்கள் மகன்,
அம்புரோஸ்