சீட்டில் என் பெயர்

ஜூன் 3, செவ்வாய்
காலையிலேயே வெயில். பள்ளி திறந்து இரண்டாம் நாள். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இன்னும் வரவில்லை.

ஜெசி ஒத்தக்கடையில், தாய்வீட்டில். அவள் தங்கை பிரசவத்துக்கு உதவி. இங்கே நான், ஒரு மிக்சர் பொட்டலம், டிவி.

மாலை கே.கே. நகர் கிளினிக். போன வாரம் கொடுத்த டெஸ்ட்டின் ரிசல்ட். டாக்டர் படம் வரைந்து காட்டினார். 'வெரிகோசீல் சார். கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்கும்ல, அதுவே விதைப்பையில. ரத்தம் தேங்கும், சூடு ஏறும். அதான் விந்தணு கம்மி, ஓட்டமும் மந்தம்.'

இடப்பக்கம் அந்தக் கனம் கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. நின்றுகொண்டே இருப்பதால் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். பெரிய கணக்கு வாத்தியார்!

ஜூன் 4, புதன்
வாங்க: பால், பிளேடு, சலவை சோப்பு. கேஸ் புக் பண்ண.

ஆபரேஷன் செய்யலாமாம். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். பலருக்குத் தேறும், எல்லாருக்கும் என்று சொல்ல முடியாதாம்.

ஸ்டாஃப் ரூமில் பி.டி. சார்: 'என்ன மாப்ள, மூஞ்சி இம்புட்டு வாடிக் கெடக்கு? வீட்ல ஆள் இல்லையோ?' எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

யாரிடம் சொல்வது? போனில் உள்ள பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

ஜெசி போன். 'சாப்பிட்டீங்களா?' 'ம்.' பின்னால் பச்சைப்பிள்ளை அழுகை. வைத்துவிட்டாள்.

ஜூன் 5, வியாழன்
கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவளுக்கு எடுத்தவை: ரத்தம், ஸ்கேன் (எத்தனையோ), கருக்குழாயில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே. அன்று உள்ளே கத்தினாள். நான் வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு: ஒன்று. அதுவும் போன வாரம்தான். 'எனக்கென்ன' என்று திரிந்தவன்.

மாதாமாதம் சர்ச்சில் ஜெபச் சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவதும் நான்தான். 'சகோதரி ஜெசிக்குக் கர்ப்பத்தின் கனி கிடைக்க.' ஆயர் சத்தமாக வாசிப்பார். சபையே அவளைத் திரும்பிப் பார்க்கும். குனிந்துகொள்வாள். நினைக்கவே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 7, சனி
மழை வரும்போல் காட்டி ஏமாற்றியது. ஜெசி வந்தாள். பையைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

பையைச் சுவரோரம் வைத்தாள். பிறகு: 'வலிக்குதா?'

இந்தக் கேள்வியை நான் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுப்படியில் அழுதாள். நான் ஹாலில். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

சாப்பிடும்போது: 'அத்தைக்கும் சபைக்கும் தெரிய வேணாம். எம்பேரே இருக்கட்டும். எனக்குப் பழகிருச்சு.' கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ஜூன் 8, ஞாயிறு
வெள்ளைச் சட்டையில் பட்டன் இல்லை. கோடு போட்டதைப் போட்டுக்கொண்டேன்.

அவளுக்குத் தெரியாமல் சீட்டுப் போட்டேன். 'சாமுவேல். குறை என்னிடம். என் சிகிச்சைக்காக.'

ஆயர் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார். பிறகு வழக்கம்போல: 'சகோதரி ஜெசிக்கு, கர்ப்பத்தின் கனிக்காக.' என் மானத்தைக் காப்பாற்றுகிறாராம், பாவம்.

தலைகள் பெண்கள் பக்கம் திரும்பின. ஜெசி குனிந்தாள்.

எழுந்து நின்றேன்.

'ஐயா, சீட்டுல இருக்கது எம்பேரு. அத வாசிங்க.'

தலைகள் இந்தப் பக்கம் திரும்பின. ஜெசி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.