வளையத்தில் தங்காத மட்டி

ஆற்றங்கரைக்காரியே,

போன ஞாயிற்றுக்கிழமை லாஸ்பேட்டையில், என் மகளைக் கொடுத்த வீட்டுச் சமையலறையில், ஒரு பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்தேன். சீ! என்ன நாற்றம் அது. சேற்று வாடை என்றால் எனக்குப் பிடிக்கும், உன் புடவையில் எப்போதும் இருந்தது அதுதான். இது வேறு. சோப்புத் தண்ணீரும் மலமும் அழுகிய கோழிக்குடலும் சேர்ந்து ஊறிய நாற்றம். நகரத்துச் சாக்கடை ஆற்றில் வந்து விழுகிற அந்த மூலையில்தான் இது இருக்கும். பைக்குள் இரண்டு கிலோ மட்டிச் சிப்பி, ஓட்டோடு. எங்கே எடுத்தது என்று முகர்ந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

மாப்பிள்ளைதான் வாங்கி வந்திருந்தார். “பாலத்துக்கிட்ட ஒருத்தன் வித்துக்கிட்டிருந்தான் அத்தை. ஃப்ரெஷ்ஷு. என் கண்ணு முன்னாடியே ஆத்துல எறங்கி வாரிக் குடுத்தான்” என்றார் பெருமையாக.

“அங்க மட்டி எடுக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்குமே?” என்று கேட்டேன்.

“ஆமா, அந்தப் போர்டு கம்பியிலதான் பைய மாட்டி வெச்சிருந்தான்” என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். நீ இருந்திருந்தால் அந்தப் பையையும் போர்டையும் சேர்த்துப் பிடுங்கி விற்றவன் தலையில் போட்டிருப்பாய்.

என் சாவிக்கொத்தில் உன் பித்தளை வளையம் கிடக்கிறது. உன் கருமாதி முடிந்த மறுநாள் உன் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். “அம்மா இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க” என்றாள். எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. உன் அம்மா ஒரு சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய பெரியவர் வீட்டில், வேலை பார்த்தபோது கழித்துப் போட்ட ஜன்னல் திரையிலிருந்து கழற்றிய வளையம் அது. மட்டியை அதன்மேல் வைத்துப் பார்ப்பாய். வளையத்தில் தங்கினால் கூடைக்கு, கீழே விழுந்தால் ஆற்றுக்கு. எந்த ஆபீசும் போடாத சட்டம், நீயே போட்டுக்கொண்டது. அன்று அந்தப் பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன். விழுந்தது. இன்னொன்று வைத்தேன், அதுவும் விழுந்தது. இருபது மட்டி வைத்துப் பார்த்திருப்பேன், ஒன்றுகூடத் தங்கவில்லை. குஞ்சு குளுவான் விடாமல் வாரியிருக்கிறான் பாவி.

மில்லில் நாம் இரண்டு பேரும் ஒரே ஷிப்டு. மில்லை மூடியபோது நான் தையல் மெஷினுக்குப் போனேன், நீ உன் ஆற்றுக்கே திரும்பிப் போனாய். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் முதல் பூசை முடிந்ததும் ரெட்டியார்பாளையத்திலிருந்து நான் உன்னிடம் வந்துவிடுவேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கால்விரலால் சேற்றைத் துழாவிக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்ப்போம். ஆனால் மட்டியைக் கையில் எடுத்துவிட்டால் உனக்குச் சிரிப்பு நின்றுவிடும். இரண்டைச் சேர்த்துத் தட்டிப் பார்ப்பாய். கல் சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது, மக்குச் சத்தம் வந்தால் உள்ளே வெறும் சேறு. எடுத்ததை நல்ல உப்புத்தண்ணீரில் ஒரு நாள் போட்டு மண் கக்க வைக்காமல் யாருக்கும் விற்க மாட்டாய். மழை பெய்து சாக்கடை பெருகி வந்தால் பத்து நாளைக்கு அந்தப் பக்கமே தலை வைக்க மாட்டாய்.

“ஊரு பேண்டதெல்லாம் அது குடிச்சிருக்கும்டி தெரேசு. எல்லாத்தையும் கக்கி முடிக்கணும். பத்து நாளு நம்ம அரைவயிறு கெடந்தா செத்துட மாட்டோம்” என்பாய். நான் மூக்கைச் சுளித்தால், “சொல்றதுக்கே கொமட்டுதா? திங்கறவன நெனச்சிப் பாரு” என்பாய்.

அப்புறம் என் மகளுக்கு இந்த இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பதினான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மட்டி என்றால் உயிர் என்று கேள்விப்பட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? எங்கள் வீட்டு மட்டி வறுவலைச் சாப்பிட்டால் வேறு வீட்டில் கை நனைக்க மாட்டீர்கள் என்று சவடால் அடித்துவிட்டேன். வியாழக்கிழமை மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. உன்னிடம் வந்து நின்றேன். “கோழி அடிச்சிப் போடு” என்றாய். நான் அழுதேன். மழைக்கு முன்னால், புதன்கிழமை, நீ எடுத்து உப்புத்தண்ணீரில் உயிரோடு வைத்திருந்தது ஒரு சின்னச் சட்டி அளவு இருந்தது. உன் வீட்டுக்கென்று வைத்திருந்தது. அதைத் தூக்கி என் கையில் கொடுத்தாய். “சம்பந்திக்கு மட்டும் வை. மத்தவங்களுக்குக் கோழி. கௌரவம் ஒண்ணும் கொறஞ்சிடாது” என்றாய்.

எனக்குக் குறைந்துவிட்டது. பதினான்கு பேர் நடுவில் ஒருத்தருக்கு மட்டும் ஒரு கரண்டி மட்டியை எப்படி வைப்பது என்று வெட்கம். நீ அந்தப் பக்கம் போனதும் பக்கெட்டை எடுத்துக்கொண்டு சாக்கடை மூலைக்கு வந்தேன். அங்கே யாரும் இறங்க மாட்டார்கள், அதனால் மட்டி கொட்டிக் கிடந்தது. தண்ணீர் கருப்பாக, எண்ணெய் படிந்து கிடந்தது. கால் வைத்ததும் கொழகொழவென்று என்னவோ விரலிடுக்கில் ஏறியது. நிறுத்தினேனா? முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு அரை பக்கெட் வாரினேன். அளந்து பார்க்கவில்லை, தட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து நாலு தண்ணீரில் அலசி, உன் சட்டியில் இருந்த நல்ல மட்டியோடு கலந்து, மிளகையும் பூண்டையும் அள்ளிப் போட்டு நாற்றத்தை அமுக்கினேன். அந்த நாற்றத்தையே அமுக்கத் தெரிந்த கை என் கை. இன்றைக்கும் சோறு பிசையும்போது சில நாள் அதைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அன்று சாயங்காலமே ஆறு பேருக்கு வாந்தி பேதி. ஐந்து பேர் இரண்டு நாளில் எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மட்டும் கண் செருகிவிட்டது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்தார். இரண்டாம் நாள் நீ கஞ்சித் தூக்கோடு வந்தாய். மாப்பிள்ளையின் அம்மா வராந்தாவில் தலைவிரி கோலமாக நின்றுகொண்டு, “எவ எடுத்தது அந்தக் கருமத்த?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். என் மகள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். நீ அவளைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். நான் செய்தது முழுவதும் என் முகத்திலேயே உனக்குத் தெரிந்துவிட்டது.

“நான்தாம்மா எடுத்தேன். மழைத்தண்ணியில எடுத்திருக்கக் கூடாது” என்றாய்.

அந்த அம்மா உன் காலடியில் காறித் துப்பினாள். நான் அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் பிழைத்தார், கல்யாணமும் நடந்தது. அதற்கப்புறம் உன் மட்டியை யார் வாங்கினார்கள்? மார்க்கெட் வாசலில் நீ கூடையை இறக்கினால் பக்கத்தில் இருக்கிறவளே, “ஆஸ்பத்திரி மட்டி வந்துடுச்சி” என்று சிரித்தாள். வாழ்நாளில் ஒரு சாக்கடை மட்டியைத் தொடாதவள் நீ. ஆறு மாதத்தில் கூடையைக் கவிழ்த்துவிட்டு ஒரு ஓட்டலில் எச்சில் தட்டு கழுவப் போனாய். உன் காலில் விழ வந்தேன், நீ விழவிடவில்லை.

“பொண்ணு வாழட்டும்னுதான் சொன்னேன். ஆனா இனிமே நீ என்கூட ஆத்துல எறங்காத தெரேசு. உன் கையப் பாத்தா எனக்குக் கொமட்டுது” என்றாய்.

அவ்வளவுதான் நீ சொன்னது. அப்புறமும் என்னோடு பேசினாய், பொங்கலுக்குப் பொங்கல் கரும்பு கொடுத்தனுப்பினாய். கிறிஸ்துமசுக்கு நான் கொண்டுவந்த கேக்கை வாங்கிக்கொண்டாய். நீ அதைத் தின்றாயா, நான் தெருமுனை திரும்பியதும் நாய்க்குப் போட்டாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அந்த மட்டிப் பையை அப்படியே தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். சத்தம் கேட்டு மாப்பிள்ளையின் அம்மா ஓடி வந்தாள்.

“இன்னா சம்பந்தி இது? பதினெட்டு வருஷம் கழிச்சி அவரு ஆசையா கேட்டாருன்னு புள்ள வாங்கியாந்தான்!”

“இது சாக்கடை மட்டி” என்றேன்.

அவள் சிரித்தாள். “அன்னிக்கிப் பட்டது உங்களுக்கு இன்னும் பயம் போவல. அந்த நாத்தம் புடிச்சவதான் போய்ச் சேந்துட்டாளே. இனிமே நம்ம பயமில்லாம சாப்புடலாம்.”

அடிவயிற்றிலிருந்து எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மட்டியால் அல்ல, அந்த அம்மாவாலும் அல்ல. பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் காப்பி குடித்துக்கொண்டு, உன்னை இப்படிப் பேசும்போதெல்லாம் ‘உம்’ கொட்டியிருக்கிறேனே, அதனால்தான்.

“எடுத்தது அவ இல்ல” என்றேன். “நான். மழைக்கு அப்புறம், இதே மூலையில, நானே எறங்கி வாரினேன். அவ குடுத்த நல்ல மட்டியோட கலந்து வறுத்துப் போட்டேன். எம்பொண்ணு கல்யாணம் நின்னுடும்னு அவ பழிய வாங்கிக்கிட்டா.”

என் மகள்தான், “நீயாம்மா?” என்றாள். அந்தக் குரலை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன், உன் வாயில். சம்பந்தியம்மா நான் குடித்து வைத்திருந்த காப்பி டம்ளரை முந்தானை நுனியால் பிடித்து எடுத்துக்கொண்டுபோய்ப் பின்பக்கத் தொட்டியில் போட்டாள். மாப்பிள்ளையின் அப்பா கூடத்தில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து அறைக்குள் போய்விட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நேராக ஆற்றுக்கு வந்தேன். போர்டுக்குக் கீழே நாலு பேர் வாரிக்கொண்டிருந்தார்கள். போர்டில் பைகளோடு ஒரு ஈரச் சட்டையும் காய்ந்துகொண்டிருந்தது. “போர்டுல போட்டிருக்கிறது படிக்கத் தெரியாதா உங்களுக்கு?” என்று கரையிலிருந்து கத்தினேன்.

ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். “தெரியுமே ஆயா. இத நாங்க திங்க மாட்டோம். விக்கிறதுக்குத்தான்” என்றான்.

த்தூ என்று துப்பிவிட்டுத் திரும்பி நடந்தேன். பஸ் ஸ்டாப் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. உன்னிடம்கூட இதை நான் சொன்னதில்லை. அன்றைய விருந்தில் நானும் அந்த மட்டியைத் தொடவில்லை. என் மகளையும் தொடவிடவில்லை. “வந்தவங்களுக்கே பத்தாது” என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம். அப்போதே எனக்குத் தெரியும்டி.

நேற்று மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். மகள் இன்னும் என்னோடு பேசவில்லை.

“அந்தம்மா பேரு இன்னா சம்பந்தி?” என்று கேட்டார். “செத்தவங்க பேரோட சேத்துப் பூசையில வாசிக்கச் சொல்லலாம்னு. மருமககிட்ட கேட்டேன். எங்கம்மா வாயாலயே கேளுங்கன்னுட்டா.”

துப்பியதைப் பூசை வைத்துத் துடைக்க முடியுமா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் நாத்தம் புடிச்சவ என்பதுதான் உனக்குப் பேர். உன் பேரைச் சொன்னேன். காது சரியாகக் கேட்காத மனுஷர், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சத்தமாகச் சொன்னேன்.

ஆற்றில் இறங்காதே என்று சொன்னவள் வளையத்தை மட்டும் ஏன் எனக்குக் கொடுத்தாய் என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மன்னித்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? அளந்து பாருடி என்றுதான் கொடுத்திருப்பாய். பார்த்தேன். நான் தங்கவில்லை.

வளையம் என்னிடம்தான் இருக்கிறது. ஆற்றில் இன்றுவரை கால் வைக்கவில்லை.

தெரேசு